சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துவிடுமா?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலத் தலைவர்களின் சிலைகளும், பிரிட்டனில் அடிமை வணிகத்தால் செல்வம் சேர்த்தவர்களின் சிலைகளும் அண்மை ஆண்டுகளில் அகற்றப்பட்டு வருகின்றன. இனவெறியை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் சிலையைப் பெயர்ப்பதைவிட, அந்த மனிதர் செய்த கொடுமைகளைச் சொல்லும் விளக்கப் பலகை ஒன்றை அதன் அருகிலேயே வைப்பதுதான் நேர்மையான வழி என்று தோன்றுகிறது. கண்ணிலேயே படாத ஒன்றைப் பற்றி அடுத்த தலைமுறை எப்படிக் கேள்வி கேட்கும்?

மறுமொழி 1:
பலகை யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் அதற்கு முயன்று பார்த்துவிட்டது. அங்கே சிலை வைக்கப்பட்டிருந்த வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் பொறுப்பில் இருந்த காலத்தில், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி சுமார் 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர் இறந்தது 1721இல், சிலை எழுந்தது 1895இல்; பீடத்து வாசகமோ அவரை நகரின் நற்பண்பும் அறிவும் மிக்க மைந்தர்களுள் ஒருவர் என்று புகழ்ந்ததோடு நின்றுவிட்டது. இரண்டாவது பலகைக்கு வாசகம் எழுத முற்பட்டவர்கள் எதைச் சேர்ப்பது, எதை மென்மையாக்குவது என்று இழுபறியில் இறங்க, 2019இல் அந்த வாசகத்தை ஏற்க முடியாது என்று மேயர் தரப்பு நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ஜூன் 7 அன்று மக்கள் கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுக நீரில் தள்ளியது.

மறுமொழி 2:
வரலாறு அழிகிறது என்போர், எந்த ஆண்டின் வரலாறு என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் தென்மாநிலப் படைத் தளபதி ராபர்ட் லீயின் குதிரைச் சிலை திறக்கப்பட்டதோ 1924இல். வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதற்கு எதிரான சட்டத்தை வர்ஜீனியா மாநிலம் மேலும் கடுமையாக்கியதும் அதே ஆண்டில்தான். கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் வாக்குரிமையை 1902ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு அதற்கு முன்பே பறித்திருந்தது. ஆகவே அந்தச் சிலை போரைப் பற்றிச் சொல்வதைவிட, அதை வைத்தவர்களின் காலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. லீயோ, 1869இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் கல் நினைவுச் சின்னங்கள் அமைப்பது குறித்து அழைக்கப்பட்டபோது, போரின் புண்களை ஆறவிடாமல் வைத்திருப்பது நல்லதல்ல என்று எழுதி மறுத்தவர். (அவரைப் போற்றுவோர் இதை ஏனோ நினைவூட்டுவதில்லை.)

மறுமொழி 3:
அகற்றுவதில் எனக்கும் உடன்பாடுதான். கூட்டம் கூடி இழுத்துத் தள்ளுவதை மட்டும் ஏற்க இயலவில்லை, ஏனெனில் நாளை வேறொரு கூட்டம் வேறொரு சிலைக்கு வரும். ஆனால் சட்ட வழியை அடைத்து வைத்தவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சார்லட்ஸ்வில் நகர மன்றம் 2017 பிப்ரவரியிலேயே அகற்ற வாக்களித்தும், போர் நினைவுச் சின்னங்களைக் காக்கும் மாநிலச் சட்டத்தைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கால் 2021 ஜூலை வரை சிலையை அசைக்க முடியவில்லை. இடையே, 2017 ஆகஸ்டில் அங்கே திரண்ட வெள்ளை இனவெறியர்களில் ஒருவன் எதிர்ப்பாளர்கள் மீது காரை ஏற்றியதில் ஒரு பெண் உயிரிழந்தார். அந்தச் சிலையை 2023இல் உருக்கியது, புதிய கலைப்படைப்புக்காக என்றாலும், என் பார்வையில் மிகை. வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் 2020இல் வீழ்த்தப்பட்ட, போரின்போது தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் சிலையை அந்நகரின் வாலண்டைன் அருங்காட்சியகம் நிமிர்த்தி நிறுத்தாமல், மேலே தெறித்த வண்ணத்தையும் துடைக்காமல், மல்லாந்து கிடக்கும் கோலத்திலேயே காட்சிக்கு வைத்தது. கேள்வி கேட்டவர் விரும்பும் விளக்கப் பலகையை அங்கே எத்தனை நீளமாக எழுதி வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.