பாட்டிக்கு சுகர் பார்க்கிற எனக்கும் சுகர்தான்

குன்னூரிலிருந்து:

வயசானவங்களை வீட்டோட தங்கிப் பார்த்துக்கிற வேலை எனக்கு. முன்னாடி எஸ்டேட்ல கொழுந்து பறிச்சேன். கூலி கம்மி, அட்டைக்கடி, இடுப்பு வலி எல்லாம் உண்டு. ஆனா முடியலைன்னா எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்துச்சு. அப்போ இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வைத்தியம் நிர்வாகத்தோட பொறுப்பா இருந்துச்சு. வெளிய வந்ததும் அது போச்சு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேராவது வேலை பார்க்கிற இடமா இருக்கணும். ஒரு பாட்டியும் ஒரு ஆயாவும் இருக்கிற பங்களாவுக்கு அது எங்க வரப்போகுது?

காலையில பாட்டிக்கு வெறும் வயித்துல விரல் குத்தி சுகர் பார்த்து நோட்டுல எழுதுவேன். இன்சுலின் போட்டு அரை மணியில டிபன், பதினோரு மணிக்கு மோர். ஒண்ணும் தவறாது. என் சாப்பாடு மட்டும் பாட்டி கண் அசந்தாத்தான். மாத்திரையைப் போட்டுட்டு சாப்பாடு தள்ளிப் போனா, சுகர் இறங்கி இந்தக் குளிர்லயும் வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். பாட்டிக்கு வாங்கி வச்ச குளுக்கோஸ்ல ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டுக்குவேன். (சொல்லிட்டுத்தான் எடுக்கிறேன், வீட்டம்மா தங்கமானவங்க.)

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. என் வீடு கேத்தி பக்கம், எந்நேரமும் பூட்டுதான். மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு போன்ல கேக்குது, “அக்கா, இந்த மாசமும் வீட்ல இல்லையா?” நான் வீட்ல இருந்தா எனக்கு வேலை இல்லைன்னு அர்த்தம், கண்ணு.

கோத்தகிரியிலிருந்து:

அந்த மாத்திரை கொண்டு போற வேலைதான் எனக்கும். படுத்த படுக்கையா இருக்கிற ஒரு அய்யாவைப் பார்க்க ஒரு பங்களாவுக்குப் போவேன். ஒரு தடவை கதவு திறந்த அக்கா முகமே சரியில்ல. “உங்க கையையும் நீட்டுங்க”ன்னேன். பிரஷர் 180/110. மாத்திரை தீர்ந்து வாரக்கணக்காச்சாம். தலைவலி குளிராலன்னு நினைச்சு யூகலிப்டஸ் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க ஊர் கூடலூர் பக்கம், எங்க லிஸ்ட்ல பேர் இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க, நானே கூட நிக்கிறேன்னேன். போய்ட்டு வர அரை நாள். “அதுவரைக்கும் அய்யாவை யாரு திருப்பிப் படுக்க வைப்பா?”ன்னு திருப்பிக் கேட்டாங்க. லிஸ்ட்டை வீட்டு வாரியா போடுறதுக்குப் பதிலா, ஆள் இருக்கிற இடத்துல போட்டா என்ன? மீட்டிங்ல சொல்லியிருக்கேன்.

ஊட்டியிலிருந்து:

நாங்க ஆள் வைக்கிற பக்கம். அம்மாவைப் பார்த்துக்கிற அக்காவுக்கு மாசம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குன்னே சம்பளத்தோட லீவு. அன்னைக்கு மாத்து ஆள் அனுப்பினா தனிக் காசுன்னு ஏஜென்சி கறாரா சொல்லிடுச்சு, அதனால நானும் என் தங்கச்சியும் பார்த்துக்கிறோம். வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லிருந்தே இருக்கு. பிள்ளைங்க படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. சுகர் ஏறிப் படுத்துட்டா அன்னைய சம்பளத்துக்கு அதுல வழி இல்ல. இருந்தாலும் குன்னூர் அக்கா, பதிவு பண்ணலைன்னா 60 வயசுக்குள்ள பண்ணிடுங்க.