இந்த நத்தாருக்கு மேடை வேண்டாம், கூழ் காய்ச்சுவம்

அன்பின் ஊர் உறவுகளுக்கு,

எங்கட ஊராக்களின்ர பரிஸ் கிளை அனுப்பின மடல் வாசிச்சன். இந்த முறை ஊரில நத்தாரை (கிறிஸ்மஸை) பெரிசாச் செய்யோணும், கோயில் முன்றலில மேடை, சோடினை வெளிச்சம், கொழும்பில இருந்து இசைக்குழு, கரண்ட் போனால் ஜெனரேற்றர் எண்டு கணக்கெல்லாம் போட்டிருக்கிறியள். ரெண்டு வருசம் கொரோனாவில ஒண்டும் ஒழுங்கா நடக்கேல்ல, இந்த வருசம், 2022இல, எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில நிண்டே சனம் களைச்சுப் போச்சு, ஒரு இரவாவது சிரிக்கட்டும் எண்ட உங்கட நியாயம் விளங்குது. மச்சான்மார் கோவிக்கக் கூடாது. லண்டனில இருந்து நான் இதுக்கு எதிராத்தான் எழுதுறன். கொஞ்சம் நீளமாயும் எழுதப் போறன்.

முதல்ல தொழில் நிலவரம். 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340 ரூபாய்க்குப் போனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் லண்டனில இருந்து அதைச் செய்தியா வாசிக்கிறது வேற, வள்ளத்துக்கு ஊத்திற ஆள் அதைக் கணக்குப் பாக்கிறது வேற. 20 லீற்றர் ஊத்தினால் முந்தி 1740 ரூபாய். விலை கூடினாப் பிறகு 6800. மீன்பாடு கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் அந்தக் காசு கடலில போயிட்டுது. அதுக்கு முதல் மாதக்கணக்கா விலை குடுத்தும் எண்ணெய் கிடைக்கேல்ல. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் மூடிக் கிடந்ததில முதல் அடி வாங்கினது மண்ணெண்ணெய் எஞ்சின் வைச்சிருக்கிற எங்கட ஆக்கள்தான். காருக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் எண்ணெய் பங்கிடக் கியூஆர் அட்டை வந்து ஒரு ஒழுங்கு வந்தது. வள்ளக்காரன்ர பாட்டை ஆரும் பெரிசாக் கதைக்கேல்ல. இதுக்குள்ள இந்திய இழுவைப் படகுகள் இரவில வந்து வலையை அறுத்துக்கொண்டு போறதும் நிக்கேல்ல. எங்கட ஊரில கன வள்ளம் இப்ப கரையில கவிட்டபடி. களங்கண்டி (தடி நட்டுக் கட்டுற வலை) வைச்சுப் பரவைக்கடலில (ஆழமில்லாத கடலில) நடந்து தொழில் செய்யிற ஆக்கள்தான் ஓரளவுக்கு அடுப்பெரிக்கினம்.

சாப்பாட்டுச் சாமானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டெண் படி உணவு விலையேற்றம் 94.9 வீதம். 2021இல 100 ரூபாய்க்கு வாங்கினதுக்கு 2022இல 195 ரூபாய் வேணும் எண்டு அரசாங்கத்தின்ர கணக்கே சொல்லுது. மீனவன்ர உழைப்பு அந்தளவுக்குக் கூடினதோ? இந்தக் கிழமை சின்னம்மாவோட கதைக்கேக்குள்ள கேக்குக்கு முட்டை வாங்கியாச்சோ எண்டு பகிடியாக் கேட்டன். "முட்டையை எண்ணி வாங்கிற காலம் திரும்பவும் வந்திட்டுது தம்பி" எண்டா.

"திரும்பவும்" எண்டு அவ சொன்னதில பழசெல்லாம் ஞாபகம் வந்திட்டுது. 1990 ஜூனில சண்டை திரும்பத் துவங்கினாப் பிறகு யாழ் குடாநாட்டில கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, அரசாங்கத்தின்ர பற்றறி தடை, சீமெந்து தடை, யூரியா தடை. (அந்த யூரியா உரத்தை 2021இல அரசாங்கம் முழு நாட்டுக்கும் நிப்பாட்டி, தெற்கில கமக்காரர் றோட்டில இறங்கேக்குள்ள எங்கட ஆக்கள் ஒரு மாதிரிச் சிரிச்சது உண்மை. அந்தச் சிரிப்பில பெருமைப்பட ஒண்டுமில்லை.) சவுக்காரம் இல்லாமல் பனங்காயால உடுப்புத் தோய்ச்சம். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சை வைச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கம்பியில கொழுவிப் படிச்சு ஓ.எல். (சாதாரணதரம்) சோதினை பாஸ் பண்ணின ஆக்கள் இந்த மடற்குழுவிலயே கனபேர் இருக்கிறியள்.

அந்தக் காலத்து நத்தாரை இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குச் சொன்னால் கதை எண்டு நினைக்குதுகள். யேசு பாலன் குடிலுக்கு மலை செய்யச் சீமெந்துப் பையைத் தேடி, கசக்கி, கரியும் மாவும் கரைச்சுப் பூசினம். புது பைக்கு வழியில்லை, சீமெந்தே வாறேல்ல, அதால 90க்கு முதல் வீடு கட்டின ஆக்களின்ர பின்வளவைத்தான் கிண்டினது. குடிலுக்குப் பச்சை வேணுமெண்டு மார்கழி பிறந்த உடன சிரட்டையளில மண் போட்டு நெல்லு விதைச்சு விடுவினம், நத்தாருக்கு ஒரு சாண் உயரத்தில நிக்கும். நட்சத்திரக் கூட்டுக்கு ரிசு பேப்பர் கிடையாது, பழைய கொப்பித் தாளில எண்ணெய் பூசினால் வெளிச்சம் ஊடுருவும் எண்டு கண்டுபிடிச்சது எங்கட சங்கீத மாஸ்டர். ஆனால் உள்ளுக்குக் கொளுத்த எண்ணெய் எங்க? ஒவ்வொரு கூட்டுக்கும் ஒவ்வொரு வீடு கால் மணித்தியாலம் எண்டு முறை வைச்சுக் கொளுத்தினது. வெரித்தாஸ் எண்ட கத்தோலிக்க வானொலியில நத்தார் நிகழ்ச்சி கேக்க, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில வயர் குடுத்து, ஒருத்தர் பெடலைச் சுத்தச் சுத்த மற்ற ஆக்கள் கேப்பம். சுத்திறவன் களைச்சால் பாட்டு இழுபடும்.

கேக்கும் இருந்தது. தாச்சிக்குள்ள மணல் பரப்பி, அதுக்கு மேல தட்டை வைச்சு, மூடின தகரத்தில சிரட்டை நெருப்பு அள்ளிப் போட்டு அவிச்ச ரவைக் கேக். சீனிக்குப் பதில் பனங்கட்டி. கறுப்பா, ஒரு பக்கம் தீஞ்சு போய் இருக்கும். இப்ப ஆரும் அதை விரும்பிச் சாப்பிடுவினமோ தெரியாது, நான் சாப்பிட மாட்டன். கஷ்டகாலத்துச் சாப்பாடு எல்லாம் ருசி எண்டு சொல்றது பின்னால வந்த கதை.

ருசியா இருந்தது கூழ். ஒரு வருசம் குண்டுவீச்சுப் பயத்தில நள்ளிரவுப் பூசையைப் பின்னேரத்துக்கு மாத்தினவை. 1993 எண்டு நினைக்கிறன், நவம்பர் 13 குருநகர் யாகப்பர் கோயிலில குண்டு விழுந்து சனம் செத்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. கூட்டமா நிக்கவே பயம். பூசை முடிய, கலைஞ்சு போற சனத்தை மறிச்சு, சம்மாட்டியார் (வள்ளமும் வலையும் வைச்சுத் தொழில் நடத்திறவர்) வீட்டு வளவுக்குள்ள ஒரு கிடாரத்தில (பெரிய அண்டாவில) ஒடியற்கூழ், காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிறது. ஆரோ நண்டு குடுத்தவை, ஆரோ றால், ஆரோ வளவில மரவள்ளி கிண்டினவை, பயித்தங்காய், பலாக்கொட்டை, ஒரு கை முருங்கையிலை. ஒடியல் மா எங்கட பனையில இருந்து. புளி, செத்தல் மிளகாய் மட்டும்தான் காசு. கோப்பை இல்லை, பனையோலையில பிளா கோலிக் குடிச்சம். சூடு தாங்காமல் பிளாவைக் கைமாத்திக் கைமாத்தி ஊதிக் குடிச்ச பெடியங்களில ஒருத்தன் இப்ப கனடாவில ஸ்காபுரோவில ரெண்டு றெஸ்ரோரன்ட் வைச்சிருக்கிறான், இந்தக் குழுவிலயும் இருக்கிறான், ஒரு மடலுக்கும் பதில் போடமாட்டான்.

இதையெல்லாம் எழுதினது அந்தக் காலம் போல வராது எண்டு பாடுறதுக்கில்லை. அப்பவுக்கும் இப்பவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் கிடக்கு, நாங்கள் காசு அனுப்ப முதல் அதை யோசிக்கோணும். அப்ப கடையில சாமான் இல்லை. சம்மாட்டிக்கும் இல்லை, கூலிக்குப் போறவனுக்கும் இல்லை. ஆசிரியர் வீட்டிலயும் ஜாம் போத்தல்தான் எரிஞ்சது. இப்ப சாமான் கிடக்கு, விலைதான் கைக்கு எட்டாது. வெளியில பிள்ளை இருக்கிற வீடு வாங்குது, இல்லாத வீடு பாத்துக்கொண்டு நிக்குது. ஒரே ஒழுங்கையில ஒரு வீட்டில றிச் கேக்கும் புது உடுப்பும், அடுத்த வீட்டில பாணும் சம்பலும். அந்தப் பிரிவை அரசாங்கம் மட்டும் உண்டாக்கேல்ல. எங்கட காசுக்கும் அதில பங்கு இருக்கு.

கணக்கை நேராப் பாப்பம். 2022 துவக்கத்தில 100 பவுண்ஸ் அனுப்பினால் ஊரில கிட்டத்தட்ட 27 ஆயிரம் ரூபாய். வருசக் கடைசியில 44 ஆயிரத்துக்கு மேல. ஏப்ரலில நாடு கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சதும், ரூபாய் விழுந்ததும், அங்க சனம் நொந்ததும் எங்களுக்கு ஒரு விதத்தில லாபம். நாங்கள் குடுக்கிறது பெரிசாத் தெரியுது, எங்கட பெருந்தன்மை மலிஞ்சு போச்சு. அந்த மலிவில மேடை கட்டிப் பேர் போட்ட பதாகை தொங்கவிட எனக்கு மனம் வரேல்ல. அதுவும் இரவில கரண்ட் வெட்டு நடக்கிற ஊரில, எங்கட ஜெனரேற்றர் எண்ணெய் குடிச்சுக்கொண்டு உறும, கவிட்டு வைச்ச வள்ளத்துக்காரன் கதிரையில இருந்து இசைக்குழு பாக்கிறதோ?

பொதி குடுக்கிற யோசினையும் ஒருத்தர் எழுதியிருந்தார். அரிசி, பருப்பு, சீனி, மா கட்டிக் குடுக்கிறது நல்லது, தேவையும்தான். ஆனால் போன முறை நடந்தது போல வரிசையில நிப்பாட்டி, ஒவ்வொருத்தர் கையிலயும் பொதியைக் குடுத்து, படம் எடுத்து, இந்தக் குழுவில 80 படம் போடுற வேலை வேண்டாம். அதில நிண்ட ஒரு அக்கா எனக்கு ஒண்டுவிட்ட சகோதரி. முகத்தைச் சீலைத் தலைப்பால மறைச்சுக்கொண்டு நிண்டவ. ஒருத்தரும் கவனிக்கேல்லப் போல.

எனக்குச் சரியாப் படுறது இதுதான். சேருற காசில பெரிய பங்கைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு விடுவம், சின்ன வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய்க்கு எண்டு. இனாமா வேண்டாம். அரைவாசியைச் சங்கம் போடட்டும், மற்ற அரைவாசியைத் தொழில் செய்யிறவர் போடட்டும். பாடு நல்லா வாற நாளில ஏலுமெண்டால் அவர் திருப்பி விடட்டும், அந்தக் காசு அடுத்த வள்ளத்துக்குப் போகும். சரிவருமோ எண்டு தலைவர், செயலாளரோட ஊருக்குள்ள இருந்து ஆரும் கதைக்கோணும். எங்களுக்கு இஞ்ச இருந்து திட்டம் போடுறது சுகம், பற்று வரவு எழுதிறது அவையள்.

நத்தார் இரவுக்கு, நள்ளிரவுப் பூசை முடிய முன்றலில கூழ். எல்லாருக்கும் ஒரே கிடாரம். நண்டும் றாலும் எங்கட ஆக்களிட்டயே காசு குடுத்து வாங்கலாம், அந்த வழியாலயும் கொஞ்சம் கைக்குப் போகும். பாலன் குடிலுக்கு இளைஞர் மன்றப் பெடியளுக்கு ஒரு தொகை, மிச்சம் அவையின்ர கைவண்ணம். சோடினை எண்டால் நட்சத்திரக் கூடு போட்டி வைப்பம், பரிசுக்குப் பள்ளிக்கூடக் கொப்பியள். கொப்பி விலை கேட்டுப் பாத்தனியளோ? புதுப் பள்ளிக்கூட வருசத்துக்கு முதல் ஒவ்வொரு வீட்டிலயும் அது பெரிய தலையிடி. பங்குச் சுவாமி சம்மதிப்பார் எண்டுதான் நினைக்கிறன், அவருக்கு ஜெனரேற்றர் சத்தம் எப்பவும் பிடியாது.

இஞ்சயும் நிலைமை ஒண்டும் திறமில்லை எண்டு லண்டன் கிளையில முணுமுணுப்பு இருக்கு. உண்மை. 2022 ஒக்ரோபரில இங்கிலாந்து விலையேற்றம் 11.1 வீதம், 41 வருசத்தில கூடினது. ஹீற்றர் போடாமல் ரெண்டு ஸ்வெற்றரோட இருக்கிற வயசானவை எங்கட ஆக்களுக்குள்ளயும் இருக்கினம், சொல்லமாட்டினம். அதால இந்த முறை லண்டன் ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுத்து, ஆளுக்கு 35 பவுண்ஸ் ரிக்கெற் போட்டு, மூண்டு வகை பிரியாணி வைக்கத் தேவையில்லை. கோயில் மண்டபம் கேட்டால் தருவினம். வீட்டுக்கு ஒரு சாமான் கொண்டுவாங்கோ. தனிய இருக்கிற வயசானவையை ஏத்திக்கொண்டு வாறதுக்கு மூண்டு கார் வேணும், என்ர காரைப் போட்டிட்டன், இன்னும் ரெண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஸூம் கூட்டம் லண்டன் நேரம் பின்னேரம் 4 மணி, பரிஸ் 5, ரொறன்ரோ காலமை 11, ஊரில இரவு ஒன்பதரை. அந்த நேரம் ஊரில கரண்ட் வெட்டெண்டால் செயலாளர் போனில மட்டும் வருவார், அவர் கதைக்கேக்குள்ள மற்ற ஆக்கள் மைக்கை மூடுங்கோ. மேடைதான் வேணும் எண்டு நினைக்கிற ஆக்களும் கட்டாயம் வாங்கோ, பின்னால நிண்டு கதைக்கிறதை விட அங்க சண்டை பிடிப்பம். அதுக்கு முதல் ஊரில ஆரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போனால் செத்தல் மிளகாயும் பழப்புளியும் கிலோ என்ன விலை எண்டு கேட்டு இந்த மடலுக்குக் கீழ எழுதிவிடுங்கோ. ஒடியல் மா ஆர் வீட்டில எவ்வளவு இருக்கு எண்டும்.