மறு: மால்வேர் – தீம்பொருளா, கெடுநிரலா?

வணக்கம்.

> ‘தீம்பொருள்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

மால்வேருக்கு, அதாவது போனிலோ கணினியிலோ புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருளுக்கு, ‘கெடுநிரல்’ என்ற சொல்லை நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் சமூக ஊடகப் பயனர்களுக்காக நாம் எழுதிவரும் எச்சரிக்கைக் குறிப்பை என் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன், தமிழாசிரியையாக இருந்தவர். ‘தீம்பொருள் ஏறிவிடும்’ என்ற வரியில் நின்றுவிட்டார். “தீம்பால், தீஞ்சுவை, தீந்தமிழ் எல்லாம் இனிப்பாச்சே, இது மட்டும் எப்படிக் கெட்டதாச்சு?” என்றார். தீமையிலிருந்து வந்திருந்தால் தீவினை, தீச்செயல் மாதிரி தீப்பொருள் என்றுதான் ஆகும். தீம்பு (கெடுதல்) என்ற சொல்லிலிருந்து வந்தது என்றாலும் தீம்புப்பொருள் என்றல்லவா இருக்க வேண்டும்? எச்சரிக்கிற சொல் ஒரு நொடிகூட இனிப்பாகக் கேட்கக் கூடாது.

அதனால்தான் கெடுநிரல் என்கிறேன். வினைத்தொகையாக விரித்தால் ‘கெடுகின்ற நிரல்’, அதாவது தானே கெட்டுப்போகிற நிரல் என்றுதானே வரும் என்று சிலர் கேட்கலாம். கெடுமதி என்று கேட்டதும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை, இதுவும் அப்படித்தான் காதில் விழும். நிரல் என்றால் புரோகிராம், இயங்குவது, உள்ளே போய் ஏதோ செய்வது என்பதும் புரிந்துவிடும், ‘பொருள்’ சும்மா கிடக்கிறது.

அப்புறம், பெயரைவிட எனக்கு உறுத்துவது அந்த ‘ஏறிவிடும்’. நண்பரின் கணக்கிலிருந்து “இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?” என்று ஒரு செய்தி வருகிறது, பதறித் தொடுகிறோம், வீடியோ ஓடாமல் ‘பிளேயரைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு பொத்தான் நிற்கிறது, அதையும் அழுத்துகிறோம். 2008-ல் ஃபேஸ்புக்கில் பரவிய கூப்ஃபேஸ் புழு (கணக்குக்குக் கணக்கு பரவும் கெடுநிரல்) இப்படித்தான், அன்று வீடியோ ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயர் வேடத்தில் வந்தது. இன்று ஃபிளாஷே இல்லை, தந்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கே எதுவும் தானாக ஏறவில்லை, நம் விரலை வைத்தே நிறுவ வைக்கிறார்கள். அது புரிந்தால்தான் அந்த இரண்டாவது பொத்தானுக்கு முன்னால் கை நிற்கும். ‘ஏறிவிடும்’ என்று எழுதினால் ஏதோ காய்ச்சல் மாதிரி, நம் கையில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

குறிப்பில் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“வீடியோ பார்க்க எதையாவது நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள், அது கெடுநிரலாக இருக்கலாம். செய்தி அனுப்பியவரை போனில் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் கணக்கே வேறொருவர் கையில் இருக்கக்கூடும்.”

இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் தனியாகச் சொல்லாமல், இந்த வரிக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள். அத்தையிடம் மறுபடி படிக்கக் கொடுக்கிறேன்.