கடுங்குத்து வீரர்களுக்கு எதிரே விளாடிமிர் கிளிட்ச்கோ

கேள்வி:
2003-இல் கோரி சாண்டர்ஸிடம் இரண்டாம் சுற்றிலும், 2004-இல் லாமன் பிரூஸ்டரிடம் ஐந்தாம் சுற்றிலும் வீழ்ந்த உக்ரைனிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் கிளிட்ச்கோ, அதன்பின் 2015 வரை தோற்கவேயில்லை. பலமாகக் குத்துபவர்களைச் சமாளிக்க அவர் உண்மையில் கற்றுக்கொண்டாரா?

பதில் 1:
கற்றுக்கொண்டார் என்றே உறுதியாகச் சொல்வேன். 2005-இல் சாமுவேல் பீட்டர் மூன்று முறை தரையில் தள்ளியும், எழுந்து நின்று பன்னிரண்டு சுற்றுகளையும் முடித்துப் புள்ளிகளில் வென்றார். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டின் வழிகாட்டலில், நீண்ட இடக்கை ஜாபால் (கையை நேராக நீட்டி விடும் விரைவுக் குத்தால்) எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்துவதும், மீறி நெருங்கினால் கட்டிப்பிடித்துத் தம் எடையை அவர்மேல் சாய்த்துக் களைப்படையச் செய்வதும் அவருடைய அரண்களாயின. பார்வைக்குச் சலிப்பூட்டலாம், ஆனால் கடுங்குத்துக்குத் தேவையான இடைவெளியையே அது பறித்துவிடுகிறது.

பதில் 2:
தாடை பலவீனம், அதாவது குத்து வாங்கித் தாங்க முடியாதவர், என்று மட்டும் கூறுவது நியாயமன்று. 2004 ஆட்டத்தில் பிரூஸ்டரையும் அவர் நான்காம் சுற்றில் தரையில் தள்ளியிருந்தார். அடுத்த சுற்றில் கிளிட்ச்கோவைக் கைவிட்டது உடலின் தெம்பு.

பதில் 3:
2017-இல், 41 வயதில், லண்டனின் வெம்பிளி அரங்கில் அந்தோணி ஜோஷுவாவிடம் ஐந்தாம் சுற்றில் விழுந்தெழுந்து, ஆறாம் சுற்றில் அவரையே வீழ்த்தினார். பதினோராம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதால் தோற்றாலும், அவருடைய நெஞ்சுரத்தை அன்றுதான் பலரும் ஒப்புக்கொண்டனர்.