புதுப்பிப்பு: அம்மாவின் கை மரத்துப்போன விஷயம்

அம்மாவுக்கு ராத்திரியில் வலது கை மரத்து எரிகிறது, உதறினால்தான் அடங்குகிறது, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு வருடமாக மாத்திரை மட்டும் தருகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நரம்புப் பரிசோதனை செய்யச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் போய்ச் செய்தோம். மணிக்கட்டிலும் முழங்கையிலும் சின்ன மின் அதிர்வு கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் தானாகத் துள்ள, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார். அப்புறம் தசையில் மெல்லிய ஊசி வைத்தும் பார்த்தார்கள். கழுத்திலிருந்து வரும் நரம்பில் கோளாறே இல்லை. மணிக்கட்டில்தான் நரம்பு நெரிபடுகிறது, இதற்குக் கார்ப்பல் டனல் என்று பெயர். சுண்டுவிரல் மட்டும் மரப்பதில்லை என்று அம்மா முதல் நாளே சொன்னார், அந்த விரலுக்குப் போவது வேறு நரம்பு, அதை யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வீங்கிய நரம்பைத் தொடாமல் ஊசிமுனை பக்கத்தில் நகர்ந்து, மருந்து கறுப்பாகப் பரவுவதைத் திரையில் நானே பார்த்தேன். சர்க்கரை உள்ளவர்கள் கவனம், சில நாள் அளவு ஏறும், அம்மாவுக்கும் ஏறி இறங்கியது.

மூன்று வாரமாக நன்றாகத் தூங்குகிறார். ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை கட்டுகிறார். வலி திரும்பி வரலாம், வந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று அவரே தேங்காய் துருவினார்.