செவ்வாய் காற்றை இழந்தது காந்தப்புலம் இல்லாததாலா?

அடையாறு அந்திவானம்:
அடுத்த மாதம் எலியட்ஸ் பீச்சில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வைக்கிறோம் அல்லவா, அதில் செவ்வாய்ச் சுவரொட்டிக்கு நான் எழுதிய வரி இது: "செவ்வாயின் உள்ளே காந்தப்புலம் உருவாவது நின்றது. அதனால் சூரியக் காற்று அதன் வளிமண்டலத்தை அள்ளிக்கொண்டு போனது." சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் மின்னூட்டமுள்ள துகள்கள். மயிலை மின்னல் சார் அதை அடித்துவிட்டார். ஏன் என்று இங்கேயே சொல்லட்டும்.

மயிலை மின்னல்:
வெள்ளிக் கோளை வைத்துப் பாருங்கள். அதற்கும் உள்ளிருந்து வரும் காந்தப்புலம் கிடையாது. நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது. ஆனால் அங்கே தரையில் காற்றழுத்தம் நம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல். "காந்தம் போச்சு, காற்றும் போச்சு" என்று படித்துவிட்டு ஒரு எட்டாம் வகுப்புப் பெண் வெள்ளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அடையாறு அந்திவானம்:
வெள்ளி ஒன்றும் கவசமே இல்லாமல் நிற்கவில்லை சார். சூரியனின் புறஊதா ஒளி பட்டு மேல்வளி அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாக, மாறுகிறது. அது மின்சாரம் கடத்தும். சூரியக் காற்று தன்னோடு கொண்டுவரும் காந்தப்புலம் அதில் மோதும்போது மின்னோட்டம் தூண்டப்பட்டு, புலக்கோடுகள் கோளின் முன்புறம் குவிந்து, இருபுறமும் வளைந்து பின்னால் வாலாக நீள்கின்றன. இதுதான் தூண்டப்பட்ட காந்த மண்டலம். உள்ளே டைனமோ (உருகிய உலோகம் சுழன்று காந்தப்புலம் உண்டாக்குவது) இல்லாமலே கிடைக்கும் கேடயம்.

மயிலை மின்னல்:
என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்தக் கேடயம் செவ்வாய்க்கும்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒன்றுக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது? செவ்வாயின் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். தப்பிப்பதற்கு அங்கே நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும். வெள்ளியில் 10-க்கும் மேல் வேண்டும்.

இன்னொன்று. ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஒன்று எலக்ட்ரானைப் பிடித்து இரண்டு அணுக்களாக உடையும்போது, அந்த வேகமே செவ்வாயைவிட்டு ஓடப் போதுமானது. வெள்ளியில் போதாது. உடைந்த அணுவுக்கு மின்னூட்டம் இல்லை. காந்தப்புலம் அதைத் தடுக்காது. அந்த அயனியை உண்டாக்கிய புறஊதா ஒளியையும் தடுக்காது. நீங்கள் சொல்லும் கவசம் இந்த வழியை அடைக்கவே முடியாது.

தாம்பரம் தகரடப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கைப்பேசியில் காந்தமானிச் செயலி திறந்து பார்த்தேன், 40 மைக்ரோடெஸ்லாவைச் சுற்றிக் காட்டுகிறது. செவ்வாயில் திறந்தால் சுழியா?

வேளச்சேரி வாத்தியார்:
சுழி இல்லை தம்பி. இன்சைட் கலம் 2018-ல் இறங்கிய இடத்தில் சுமார் 2 மைக்ரோடெஸ்லா இருந்தது. சுற்றுப்பாதை அளவுகளை வைத்துக் கணித்ததைவிட அது பத்து மடங்கு. பழைய டைனமோ ஓடிய காலத்தில் உறைந்த பாறைகள் இன்னும் காந்தமாக இருக்கின்றன, தென் அரைக்கோளத்தில் அதிகம். விண்கல் மோதி உண்டான ஹெல்லாஸ் பெரும்பள்ளத்தில் மட்டும் அனேகமாக ஒன்றுமில்லை. அந்த மோதல் நடந்தபோது டைனமோ நின்றுவிட்டிருந்தது என்று பலர் கணிப்பது அதை வைத்துத்தான்.

நிலாவும் அப்படியே. நம் சந்திரயான்-1-ல் இருந்த சாரா கருவி, காந்தமுள்ள நிலாப் பாறைப் பகுதி ஒன்று சூரியக் காற்றைத் தரைக்கு வரவிடாமல் தள்ளுவதைக் காட்டியது. மங்கள்யானுக்குக் கொட்டிய கைத்தட்டலில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

அடையாறு அந்திவானம்:
மயிலை சார், ஆர்கானை விட்டுவிட்டீர்களே. அது எதோடும் சேராத வாயு. பாறைக்குள் போய் ஒளியாது. நீங்கள் சொன்ன மூலக்கூறு உடையும் வழியும் அதற்கு இல்லை. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மேவன் கலம் ஆர்கானின் இரண்டு ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறான இரண்டு அணுவகைகளை, அளந்தது. செவ்வாயின் ஆர்கானில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று 2017-ல் முடிவு வந்தது. போன வழி: சூரியக் காற்று இழுத்துச் சென்ற அயனிகள் திரும்பி வந்து மேல்வளியில் மோதி, கேரம் காய்போல் அணுக்களைத் தட்டிவிட்டன. வலுவான காந்தப்புலம் இருந்தால் சூரியக் காற்றை அவ்வளவு கிட்டத்தில் விட்டிருக்காது.

இளம் சூரியன் இன்றைவிட மூர்க்கமானது. 2015 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் தாக்கியபோதே அயனி இழப்பு கூடியது. அப்போது தினமும் அப்படி என்றால்?

மயிலை மின்னல்:
ஆர்கான் நல்ல அடிதான், மறுக்கவில்லை. ஆனால் பூமியும் ஒழுகுகிறது. துருவங்களில் புலக்கோடுகள் வெளியே திறந்திருக்கின்றன; அந்த வழியாக அயனிகள் போகின்றன. பெரிய காந்த மண்டலம் சூரியக் காற்றின் ஆற்றலை இன்னும் அகலமாகப் பிடித்துத் துருவத்துக்கு அனுப்புகிறது. இன்றைய கணக்கில் பூமி, வெள்ளி, செவ்வாய் மூன்றின் இழப்பும் நொடிக்கு ஒரு கிலோ சுற்றுவட்டாரத்தில்தான். கவசம் உள்ளதும் இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றாக இழக்கும்போது 'அதனால்' என்ற சொல்லை எதை வைத்து எழுதுகிறீர்கள்?

அடையாறு அந்திவானம்:
இன்றைய கணக்கை 400 கோடி ஆண்டு பின்னால் தள்ளக்கூடாது.

மயிலை மின்னல்:
நீங்களும் தள்ளக்கூடாது.

வேளச்சேரி வாத்தியார்:
சரி, அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். இப்படிப் போடுவோமா: "செவ்வாய் சிறிய கோள், அதன் ஈர்ப்பு குறைவு. உள்ளிருந்து வந்த காந்தப்புலமும் நின்றுபோனது. அதன் காற்றில் பெரும்பகுதி விண்வெளிக்குத் தப்பிவிட்டது." பக்கத்தில் வெள்ளியின் படமும் வரட்டும், பிள்ளைகளே கேட்கட்டும்.

மயிலை மின்னல்:
'அதனால்' இல்லை. எனக்குச் சரி.

அடையாறு அந்திவானம்:
ஆர்கானுக்கு ஒரு வரி கொடுத்தால் எனக்கும் சரி. ஆனால் "காந்தப்புலம் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது" என்று பீச்சில் மைக் பிடித்துச் சொன்னீர்களானால், பிள்ளைகள் முன்னாலேயே கையைத் தூக்குவேன்.