புதுப்பிப்பு: உகுலேலே தந்திகள் குறித்த என் பழைய கருத்து

உகுலேலேவுக்கு (கிதார் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறு இசைக்கருவி) ஃபுளோரோகார்பன் என்னும் செயற்கை இழைத் தந்தியே போதும், இனி மாற்ற மாட்டேன் என்று சென்ற ஆண்டு உறுதியாக எழுதியிருந்தேன். அந்த உறுதி தளர்ந்துவிட்டது. மீன்பிடித் தூண்டிலுக்கும் பயன்படும் அப்பொருளின் அடர்த்தி (கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.78 கிராம்) நைலானைவிட (1.14 கிராம்) அதிகம் என்பதால், அதே சுருதிக்கும் இழுவிசைக்கும் மெல்லிய தந்தியே போதுமாகிறது, அதன் கூர்மையான, தெளிவான ஒலிதான் அன்று என்னைக் கவர்ந்தது. இப்போது தனித்தனிச் சுரங்களை மீட்டுவதைவிட, எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடித் தாளமாக வாசிப்பதே மிகுந்துவிட்டதால், அந்தக் கூர்மை காதை உறுத்துகிறது. ஆகவே ‘கான்சர்ட்’ எனப்படும் நடுத்தர அளவு உகுலேலேவில் நைலானைப் பூட்டினேன். புதுத் தந்தி நீண்டு நிலைபெறும்வரை சில நாள்கள் ஓயாமல் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது (என் பொறுமைக்கு அது நல்ல சோதனை). அதைவிடச் சற்றுப் பெரிய ‘டெனர்’ வகையில் மட்டும் ஃபுளோரோகார்பனே நீடிக்கிறது; அதில் நான்காம் தந்தியை ஒரு ஸ்தாயி கீழிறக்கி ‘லோ ஜி’ (தாழ்ந்த ஜி சுரம்) முறையில் வைத்திருக்கிறேன்.